ஜாமீனுக்கு இறக்கிய மீசை

குற்றச்சாட்டு: 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18ஆம் நாள், ஆவணி 2, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், எம். புதுப்பட்டிக்கு மேற்கே கண்மாய்க்கரைக் காளி கோயில் முன்பாக, ஊராரும் உறவினரும் பார்த்திருக்க, அரசியல் கைதிகள் விடுதலைக் குழுவின் தலைவர் நாரணாபுரம் மாரிசெல்வி, அக்குழுவின் செயலாளராகிய முனியராஜ் என்னும் என்னை, என்னுடைய அறுபத்தோராம் வயதில், 'பிறந்த முடி இறக்க வேண்டிய பிள்ளை' என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, முன் ஒப்புதல் பெறாமல், தலைமுடி முழுவதையும் மீசையின் இடப்பக்கத்தையும் மழிக்கச் செய்தார்.

நிகழ்வின் ஒளிப்படங்கள் என்னிடம் உள்ளன. அவற்றில் நான் அழுவதுபோலத் தெரிவது தலையில் ஊற்றிய தண்ணீரால்.

இச்செயலின் தன்மை விளங்க வேண்டுமானால் மாரிசெல்வி இன்னார் என்பது விளங்க வேண்டும். ஆகவே அவருடைய வாழ்க்கையை எனக்குத் தெரிந்தவரை, என் கோப்புகளில் உள்ளவரை, எழுதுகிறேன். பகை காரணமாக எதையும் கூட்டவில்லை. நட்புக் காரணமாக எதையும் குறைக்கவுமில்லை.

மாரிசெல்வி நாரணாபுரத்தில் பிறந்தவர். பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். மழை பொய்த்த ஆண்டு ஒன்றில் குடும்பமே பட்டாசு வேலைக்குப் போயிற்று. மாரிசெல்வி சரவெடி பின்னுவதில் கைதேர்ந்தார். கை பின்னிக்கொண்டிருக்கும்போது வாய் சும்மா இருக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சொன்ன கணக்கப்பிள்ளை ஒருவர் வேறு கம்பெனிக்கு மாறிப்போனார்.

அவருடைய பொதுவாழ்வு ஒரு கதவிலிருந்து தொடங்குகிறது. அவர் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் பெண்கள் கழிப்பறையின் கதவு கழன்று கிடந்தது. பலமுறை சொல்லியும் மாட்டித் தரவில்லை. ஒருநாள் மதிய இடைவேளையில் மாரிசெல்வி அந்தக் கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போய், மேசைக்கு எதிரே சாய்த்து வைத்தார்.

"என்னம்மா இது?" என்றார் முதலாளி.

"கதவுங்கய்யா. நாங்க வந்து சொன்னா காதுல விழல. அதான் அதையே கூட்டியாந்துட்டேன். நீங்களே பேசிக்கிடுங்க."

முதலாளி காவல் நிலையத்துக்குத் தொலைபேசினார். கதவைத் திருடியதாக வழக்குப் பதிவாயிற்று. மாரிசெல்வி ஓர் இரவு நிலையத்தில் இருந்தார். கதவும் இருந்தது. அவரை மறுநாள் விட்டுவிட்டார்கள். கதவு வழக்குச் சொத்து என்பதால் விடவில்லை. தம்மை மீட்க நிலைய வாசலில் நின்று சரவெடி போலக் கத்திய பெண்களைப் பார்த்தபோதுதான், உள்ளே இருக்கிறவருக்கு வெளியே நின்று கத்த ஓர் ஆள் வேண்டும் என்பது தமக்குப் புரிந்ததாக அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்று முதல் அந்த ஆள் அவரே.

நான் காலண்டர் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். சட்டத்தை நானே படித்துக்கொண்டேன். எனக்கு முறையாகச் சேரவேண்டிய பணிச்சான்று ஒன்றுக்காக நான் நடத்திவந்த கடிதப் போக்குவரத்தைக் கேள்விப்பட்டு மாரிசெல்வி வீடு தேடி வந்தார். "அண்ணே, நீங்க எழுதுறீக, நான் கத்துறேன். ரெண்டும் சேந்தா நல்லாருக்கும்ல?" என்றார். குழு அவ்வாறு உருவாயிற்று. அவர் தலைவர், நான் செயலாளர். மூன்றாம் உறுப்பினர் பின்னர் சேர்ந்தார். நான்காம் உறுப்பினர் உளவுப் பிரிவுக் காவலர் மணிகண்டராஜ் என்று ஊரில் கேலி பேசுவதுண்டு. அது தவறு. எங்களைக் கண்காணிப்பது மட்டுமே அவர் பணி. ஆனால் எங்களோடு அலைந்து அலைந்து, மாரிசெல்வியின் மனுப் பையை அவர் சுமப்பதும், "தம்பி, அந்த டீக்கடையில நாலு டீ சொல்லிட்டு வாங்க, ஒங்களுக்கும் சேத்துத்தான்" என்று இவர் அனுப்பினால் அவர் போய் வருவதும் வழக்கமாகிவிட்டன.

மாரிசெல்வி தம் மாவட்டத்துக் கைதிகளோடு நிற்பவரல்லர். ஒரு முறை தொலைக்காட்சியில் எங்கோ ஓர் அயல்நாட்டில் கவிதை எழுதியதற்காக ஒருவரைச் சிறையில் வைத்திருப்பதைப் பார்த்தார். அந்நாட்டுத் தூதரகத்துக்கு நான் கடிதம் எழுதினேன். வெறும் கடிதம் போனால் மதிக்கமாட்டார்கள் என்று அவர் அதனுடன் சிவகாசி தினசரி காலண்டர் ஒன்றையும், லட்சுமி படம் போட்டது, கட்டி அனுப்பினார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. காலண்டர் நல்ல நிலையில் கிடைத்ததாகவும், அடுத்த ஆண்டும் அனுப்பினால் மகிழ்வதாகவும் எழுதியிருந்தார்கள். கவிஞரைப் பற்றி ஒரு சொல் இல்லை. "ஒரு வருசத்துக்குத் தெனமும் தாளக் கிளிக்கையில நம்ம ஞாபகம் வரும்ணே. அது போதும்" என்றார் மாரிசெல்வி.

இனி செழியன் விவகாரம். எம். புதுப்பட்டியைச் சேர்ந்த செழியன் தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்தில் இருந்த இளைஞர். பட்டாசு ஆலை விபத்தொன்றில் இறந்தவர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் அவர் பேசினார். பேசிய பேச்சு நாட்டுக்கு எதிரானது என்று பெரிய சட்டம் ஒன்றின்கீழ்க் கைது செய்தார்கள். அப்போது அவர் மனைவி பானுப்பிரியா ஏழு மாதக் கர்ப்பிணி. பெண் குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்தும்விட்டது. செழியன் அதன் முகத்தைச் சிறைக் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்திருந்தார். பானுப்பிரியாவே எங்கள் மூன்றாம் உறுப்பினர்.

மாரிசெல்வி சிறைக்கு நாள்தோறும் தொலைபேசுவார். "செழியன் சாப்பிட்டாரா?" என்பது மட்டுமே கேள்வி. தொடக்கத்தில் வைத்துவிடுவார்கள். பிறகு, "சாப்பிட்டாரும்மா" என்றார்கள். அதற்கும் பிறகு, அவர் கேளாமலே, "இன்னைக்குச் சாம்பார், கத்திரிக்காய்" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

நாங்கள் எழுதிய மனுக்களாலோ வழக்கறிஞரின் வாதத்தாலோ, உயர் நீதிமன்றம் ஒருவழியாகச் செழியனுக்கு ஜாமீன் வழங்கியது. விருதுநகர் மாவட்டத்துக்குள் சொந்தச் சொத்துள்ள இருவர் பிணை நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒருவர் மாரிசெல்வி, அவருக்குப் பட்டாவுடன் வீடு உண்டு. மற்றொருவர் கிடைக்கவில்லை. உள்ளம் உள்ளவர்களுக்குச் சொத்து இல்லை. சொத்து உள்ளவர்கள் எங்களைக் கண்டதும் சாலையைக் கடந்தார்கள். என் வீடு இன்றுவரை பங்காளிகளோடு வழக்கில் இருப்பதால் நான் தகுதியற்றவன். நாள்கள் ஓடின. இறுதியாக நீதிமன்றம் ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்தது. அதற்குள் பிணையாளரைக் கொண்டுவராவிட்டால் உத்தரவு காலாவதியாகும். செழியன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களுக்கு எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை சங்கிலிமுத்து. தொழிலாளர்களைக் கம்பெனிக்கு ஏற்றிச் செல்லும் வேன்கள் வைத்திருப்பவர். வீடு, தோட்டம், கிணறு எல்லாவற்றுக்கும் தெளிவான பத்திரம் உண்டு. நல்ல மனிதர். ஆனால் காவலர் சீருடையைப் பார்த்தால், அது கொடியில் காய்ந்தாலும், வேனைத் திருப்பிவிடுவார்.

"அக்கா, ஒங்களுக்கு எம்புட்டு வேன் வேணாலும் கேளுங்க, வுடுறேன். கையெழுத்து மட்டும் கேக்காதீக."

"ஏன்லே, கையெழுத்துப் போட்டா கை வெந்துருமா?"

"கை வேகாதுக்கா. பெர்மிட்டு வெந்துரும்."

பொதுக்கூட்டம் போட்டு, ஊர் நடுவே வைத்துக் கேட்டால் யாராவது மனமிரங்குவார்கள் என்று மாரிசெல்வி நம்பினார். கூட்டத்துக்கு அனுமதி கேட்டேன். சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி மறுத்தார்கள். மீண்டும் கேட்டேன்; அதே காரணத்தை, இம்முறை தேதியை மட்டும் மாற்றி, அனுப்பினார்கள். மண்டபக்காரர்கள் போனையே எடுக்கவில்லை. அப்போதுதான் மாரிசெல்வி அந்த உண்மையைக் கண்டார். இந்த வட்டாரத்தில் குலசாமி கோயிலில் முடி இறக்க யாரும் அனுமதி மறுத்ததில்லை. பந்தல், ஒலிபெருக்கி, கொட்டு, கறிச்சோறு, எத்தனை பேர் கூடினாலும் கேள்வி கிடையாது.

"செழியன் பிள்ளைக்கு இன்னும் முடி இறக்கலல்ல? அதைப் பண்ணுவோம். சொந்தம் பூராம் வரும். சங்கிலிமுத்து வேன்லதான் வரும். அங்கன மைக்கு இருக்கும்."

திட்டம் நிறைவேற்றப்பட்டது. அழைப்பிதழை நானே பிழை திருத்தினேன். ஊரார் நம்பி வந்தார்கள். விழா உண்மையானது என்றே எல்லோரும் கொண்டதால் வந்தவர்கள் ஏராளம். முன்வரிசையில் மணிகண்டராஜ் சாதாரண உடையில், காவலர் என்று நெற்றியில் எழுதியதுபோல, அமர்ந்திருந்தார்.

முதலில் மாரிசெல்வி ஒலிவாங்கியைப் பிடித்தார். மணிகண்டராஜ் எழுந்து, "அக்கா, அரசியல் பேசக் கூடாது, சொல்லிப்புட்டேன்" என்றார்.

"நான் எதுக்குத் தம்பி அரசியல் பேசுறேன்? ஆத்தாகிட்ட ரெண்டு வார்த்தை" என்று அவர் கோயிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கைகளைக் கூப்பினார். ஒலிவாங்கி மட்டும் வாயருகே இருந்தது.

"ஆத்தா காளி! நம்ம செழியன் என்ன தப்புப் பண்ணுனான்? செத்தவகளுக்காகப் பேசுனான். கோர்ட்டே வெளிய போன்னு சொல்லிருச்சு ஆத்தா! ஒத்தக் கையெழுத்து இல்லாம உள்ள கெடக்கான்! பத்திரம் வச்சிருக்கிற பய ஒருத்தன் கண்ணைத் தொறக்க மாட்டியா? வெள்ளிக்கெளமை கெடு ஆத்தா! கோர்ட்டு பத்து மணிக்குத் தொறக்கும்!"

மணிகண்டராஜ் பேனாவை உயர்த்தியபடி நின்றார். தெய்வத்திடம் பேசுவது எந்தப் பிரிவில் வரும் என்று அவர் யாரையோ போனில் கேட்டார். அந்தப் பக்கத்திலும் தெரியவில்லை போலும், அமர்ந்துவிட்டார்.

மக்கள் உச்சுக் கொட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பந்தலின் ஓரத்தில் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த சங்கிலிமுத்து, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கையெழுத்து வரவில்லை.

கொட்டு முழங்கியது. முடிதிருத்துபவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு, "பிள்ளையைக் கொண்டாங்க" என்றார்.

அப்போதுதான், அழைப்பிதழ் முதல் ஆட்டுக்கறி வரை எல்லாம் ஏற்பாடு செய்த எங்கள் குழு, குழந்தையின் தாயிடம் ஒப்புதல் கேட்கவில்லை என்பது தெரியவந்தது. நான் கேட்டிருப்பேன் என்று மாரிசெல்வி நினைத்திருந்தார்; அவர் கேட்டிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். கூட்டம் சேர்க்க ஒரு சாக்குத்தான் விழா, முடி இறக்கப்போவதில்லை என்று பானுப்பிரியா எண்ணியிருந்தார். குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"அவுக அப்பா வராம எம் பிள்ளை தலையில கத்தி படாது. யாரு வந்து சொன்னாலும் சரி."

கொட்டு நின்றது. மணிகண்டராஜ் மறுபடியும் எழுந்தார். "அப்ப இங்கன என்ன விழா நடக்குது? முடி இறக்கலன்னா இது கூட்டம். கூட்டம்னா கலைக்கணும்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

மாரிசெல்வி சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை என்மீது நின்றது. அந்தப் பார்வையை நான் முன்பே அறிவேன். தலையில் தூக்குவதற்குமுன் கதவை அவர் அவ்வாறே பார்த்திருக்க வேண்டும்.

"யாரு இறக்கலன்னு சொன்னா? இந்தா, பிள்ளை இங்கன இருக்கு!" என்று என் கையைப் பிடித்து எழுப்பினார். "முனியராஜண்ணனுக்குப் பிறந்த முடி எடுக்கல. அப்ப அவுக வீட்டுல வசதியில்ல. அறுவது வருசமா சாமி கடன் நிக்குது."

இது ஆதாரமற்ற கூற்று. எனக்கு மூன்று வயதில் முடி இறக்கிய ஒளிப்படம் வீட்டில் உள்ளது. அதை அங்கேயே எடுத்துரைத்திருப்பேன். எடுத்துரைத்தால் கூட்டம் கலையும், வெள்ளிக்கிழமை கைவிட்டுப் போகும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதியை ஒப்புதல் என்று கொள்ளக் கூடாது என்பதே என் வாதம்.

"மாமன் எங்க? மடி வேணும்ல" என்றார் முடிதிருத்துபவர். எங்கள் கோயில் வழக்கப்படி தாய்மாமன் மடியில் அமர்ந்துதான் முடி இறக்க வேண்டும். முடி இறங்கி முடிவதற்குள் மாமன் தம் சீர் என்னவென்று சபையில் சொல்லியாக வேண்டும்.

என் தாய்மாமன்மார் காலமாகிவிட்டார்கள். அப்படியே கூறினேன். மாரிசெல்வி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"ஒங்க அம்மாவோட சித்தப்பாவுக்கு ரெண்டாந்தாரம் உண்டுல்ல? அந்த ரெண்டாந்தாரத்துக்குக் கடைசியாப் பொறந்தவன் யாரு? ஏலே சங்கிலிமுத்து! இங்க வா!"

"எக்கா, அவரு எனக்கு அண்ணன்ல! நான் அண்ணேன்னுல கூப்புடுறேன்!"

"ஒனக்கு மரியாதை தெரியும், மொறை தெரியல. நீ அவருக்கு மாமன். ஒக்காரு."

பிற்பாடு வீட்டுக்கு வந்து வம்சாவளியை வரைந்து சரிபார்த்தேன். துரதிர்ஷ்டவசமாகக் கணக்குச் சரியாகவே இருந்தது.

சபை நடுவே முறை சொல்லி அழைத்தால் மறுக்கிறவன் எங்கள் பக்கத்தில் இல்லை. சங்கிலிமுத்து சம்மணமிட்டு அமர்ந்தார். அவர் மடியில், அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவனும் கணிசமாகக் கனத்தவனுமான நான் அமர்த்தப்பட்டேன். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ ஒரு பாட்டி என் கன்னத்தைத் தடவி, "அழாம ஒக்காரணும் ராசா" என்றார்.

கத்தி இறங்கியது. பாதித் தலை முடிந்ததும் மாரிசெல்வி ஒலிவாங்கியில் கேட்டார்: "மாமன் என்ன சீர் செய்யுறாரு?"

"வேட்டி சட்டை" என்றார் சங்கிலிமுத்து, மூச்சுத் திணறலுடன்.

"பிள்ளை வேட்டி கட்டியிருக்கு. வேற?"

"வாட்ச்சு."

"பிள்ளைக்கு மணி பாக்கத் தெரியும். வேற?"

"கால் மரத்துப் போச்சுக்கா!"

"காலைக் கேக்கல. கையைக் கேட்டேன். ஒத்தக் கையெழுத்து."

சங்கிலிமுத்து மணிகண்டராஜைப் பார்த்தார். மணிகண்டராஜ் பந்தல் மூங்கிலைப் பார்த்தார். தலை முழுவதும் இறங்கிவிட்டது. இனிச் சந்தனம் பூச வேண்டியதுதான். மாமன் தப்பித்தார் என்று எல்லோரும் எண்ணினார்கள். முடிதிருத்துபவர் கத்தியைத் துடைத்தார்.

"அது என்ன, அங்கன விட்டுட்டீக?" என்றார் மாரிசெல்வி. "மீசையும் சேத்துத்தான நேர்ச்சை. எடுங்க."

"மாரிசெல்வி!" என்று நான் கூவினேன். அது குறிப்பேட்டில் எதிர்ப்பு என்றே பதிவாக வேண்டும்.

என் மீசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது இருபது வயது முதல் இருந்தது. அச்சகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் என்னை அடையாளம் சொல்வார்கள். முடிதிருத்துபவருக்கே கை தயங்கியது. ஆயினும் தலைவர் சொன்னார் என்று இடப்பக்கம் கத்தியை வைத்தார். ஒரே இழுப்பு. அந்தப் பக்கம் சங்கிலிமுத்துவின் கையிலேயே விழுந்தது.

சங்கிலிமுத்து தம் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தை, மிக அருகிலிருந்து, பார்த்தார். ஓர் ஆண் மற்றோர் ஆணுக்கு நேர்வதைப் பார்த்துப் பொறுக்கும் எல்லை அது. அவரும் மீசை வைத்தவர்.

"நிப்பாட்டுலே!" என்று அலறினார். "நிப்பாட்டு! போடுறேன் கையெழுத்து! எத்தனை எடத்துல வேணும்னாலும் போடுறேன்! அந்தப் பக்கத்தையாவது விடுங்கடா பாவிகளா!"

குலவை எழுந்தது. கொட்டு எழுந்தது. மணிகண்டராஜ் தம் குறிப்பில், 'தாய்மாமன் சீர் அறிவித்தார். விழா அமைதியாக முடிந்தது' என்று எழுதியதை நானே பார்த்தேன். பிறகு அவர் பந்தியில் அமர்ந்து இரண்டு முறை குழம்பு கேட்டார்.

சங்கிலிமுத்து சொன்ன சொல் தவறவில்லை. கெடு முடிகிற வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் கைகட்டி நின்றார். நீதிபதி, "கைதிக்கும் உமக்கும் என்ன உறவு?" என்று கேட்டார்.

"அவருக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்லீங்கய்யா." சங்கிலிமுத்து வாசலருகே நின்ற என்னைச் சுட்டிக்காட்டினார். "இந்தா நிக்குதுல்ல, அந்தப் பிள்ளைக்கு நான் மாமன். அதுக்குச் செஞ்ச சீருங்கய்யா இது."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி என்னைச் சிறிது நேரம் பார்த்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. பத்திரங்கள் ஒழுங்காக இருந்தன; அவற்றை அடுக்கியவன் நான்.

மறுநாள் முற்பகல் செழியன் சிறை வாசலைத் தாண்டி வெளியே வந்தார். பானுப்பிரியா குழந்தையை அவரிடம் நீட்டினார். குழந்தை அவரைப் பார்த்து வீறிட்டது, அவர் சிரித்தார், பிறகு அழுகையும் சிரிப்பும் இடம் மாறிக்கொண்டன. மாரிசெல்வி சிறைக் காவலரிடம், "இன்னைக்கு என்னய்யா கொளம்பு?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

செழியன் என்னிடம் வந்தார். இருவரும் கடிதத்தில் மட்டுமே பழகியவர்கள். மீசையின் எஞ்சிய வலப்பக்கத்தை நானே எடுத்திருந்தேன். அதற்கு இந்தக் குற்றச்சாட்டில் யாரையும் பொறுப்பாக்கவில்லை. அவர் என் மழித்த தலையையும் முகத்தையும் கண்டு, என் கைகளைப் பற்றிக்கொண்டு, தாழ்ந்த குரலில், "எப்ப தவறுனாக? அப்பாவா, அம்மாவா?" என்றார்.

ஊரிலும் அதே கேள்வி. இந்த வட்டாரத்தில் தலையும் மீசையும் ஒருசேரப் போனால் அதற்கு ஒரே பொருள்தான். மூன்று வீடுகளிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஒருவர் மாலையுடன் வந்தார். இறந்தவர் யாருமில்லை என்றதும் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கே போட்டுவிட்டுப் போனார்.

செழியன் வெளியே வந்ததை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் நிறைகிறது. ஒருவருடைய விடுதலைக்காக மற்றொருவருடைய உரிமையை, கேளாமல், சபை நடுவே பறிக்கலாமா என்பதே கேள்வி. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இதை இதுவரை மாரிசெல்வியிடம் சொல்லவில்லை.

நேற்று மாரிசெல்வி வந்திருந்தார். அடுத்த மாவட்டத்தில் ஒரு பெண் ஜாமீன் கிடைத்தும் பிணையாள் இன்றிச் சிறையில் இருக்கிறாராம். பேச்சு முழுவதும் அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, உச்சியைப் பார்த்தார். "முடி நல்லா அடர்த்தியா வந்துருச்சேண்ணே" என்றார்.

ஆகவே கோருகிறேன். செயலாளரின் உடலுறுப்புகள் குழுவின் பொதுச் சொத்து என்று எந்தக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது, இனி இத்தகைய தேவை எழுமானால் முன்கூட்டி என் ஒப்புதல் கேட்கப்படுமா என்பவற்றுக்கு, இது கிடைத்த பதினைந்து நாள்களுக்குள், தலைவர் மாரிசெல்வி தம் கையொப்பத்துடன் எழுத்துப்பூர்வமாகப் பதிலளிக்க வேண்டும். வாய்மொழியாகச் சிரிப்பது பதிலாகக் கருதப்படமாட்டாது.